லயத்துக்கு உரித்தாளர் யார்?

"சொத்தில்லாதவனுக்குச் சொத்துரிமைச் சட்டம் எதற்கு?" என்பது கற்றோர் கூடும் இடங்களிற் பலகாலும் கேட்கப்படும் வினா. மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் விவாகப் பதிவு, பின்னுரித்து, மரணசாதனம் ஆகியவை பற்றி யாரேனும் பேசத் தொடங்கின் இவ்வினா உடனே எழும். கேட்போர் தீய உள்ளத்தினர் அல்லர். அவருட் பெரும்பாலோர் அனுதாபிகளே. எனினும் இவ்வினாவினுள் ஒரு மயக்கம் உறைந்து கிடக்கின்றது. ஒருவனுக்குச் சொத்தில்லை என்பதை மழை வெயில் போன்ற இயற்கை நிகழ்வாக அது ஏற்றுக்கொள்கின்றது. அந்த இன்மை எப்போது, யாரால், எந்தச் சட்டத்தின் துணையோடு ஆக்கப்பட்டது என்ற ஆராய்ச்சியை அது தவிர்த்துவிடுகின்றது. அவ்வளவோடு நில்லாது, அக்குடும்பத்திடம் உள்ளபடியே இருக்கும் சிறு உடைமையையும் கணக்கில் எடாது கைவிடச் செய்கின்றது. இரு வகையாலும் இழப்பவர் தோட்டத்துப் பெண்களும் பிள்ளைகளுமே.

பதுளை மாவட்டத்தில், பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையில் அமைந்த சிற்றூர் கொஸ்லந்த. தியலும நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் பலர் அதனைக் கடந்தே செல்வர். அதன் மேலே மலைச்சரிவில் இருந்த மீரியபெத்த தோட்டப் பிரிவை 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மண் மூடியது. லயங்கள் வரிசை வரிசையாகப் புதைந்தன. பலருடைய உடல்கள் இறுதிவரை மீட்கப்படவில்லை. அவ்விடம் மண்சரிவு அபாயம் உடையதென்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் ஏன் அகலவில்லை என அன்று பலர் வியந்தனர். வியந்தவர்கள் பெரும்பாலும் காணியுறுதி உள்ள வீட்டில் வாழ்ந்தவர்கள். உறுதி உள்ளவன் தன் வீட்டை விற்கலாம், ஈடு வைக்கலாம், அப்பணத்தைக் கொண்டு வேறோரிடத்தில் அடித்தளம் போடலாம். லயத்தில் இருப்பவனுக்கு விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் ஒன்றுமில்லை. அவன் அக்காம்பராவை விட்டகல்வதாயின் வேலையையும் விட்டகல வேண்டும். வேறிடத்திற் காணியும் அவனுக்கில்லை. சட்டத்தால் உண்டான இந்நிலையே அம்மக்களை மலையடிவாரத்திற் கட்டிவைத்தது. ஆகவே மீரியபெத்தவில் நிகழ்ந்ததை மழையின் கணக்கில் மட்டும் எழுதிவிடுதல் பொருந்தாது.

மண் மூடிய பின்னர் இன்னொரு துயரம் தொடங்கியது. புதையுண்டவற்றுள் மனிதரும் பாத்திரபண்டங்களும் மட்டும் இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியனவும் இருந்தன. இறந்தவர் யார் என்பதை நிறுவவும், உயிர் தப்பியவர் அவருக்கு யாதுமுறை என்பதை நிறுவவும் காகிதம் தேவைப்பட்டது. உடல் கிடைக்காதவரின் இறப்பைப் பதிவு செய்தல் சட்டத்தில் எளிதன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இத்தகைய சிக்கல்களைத் தீர்ப்பதற்கென 2005இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்ததை ஈண்டு நினைவுகூரலாம். இறப்புச் சான்றிதழ் இல்லையெனில் இறந்தவரின் பணம் இல்லை. முறைக்குச் சான்று இல்லையெனில் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. சொத்தில்லாதவருக்குச் சட்டம் எதற்கு என்ற வினாவுக்கு மீரியபெத்த தந்த முதல் விடை இதுவாகும்.

நீதியான சட்டமும் வெறுங்கையும்

இனி, கொஸ்லந்தவில் ஒரு தொழிலாளி இறப்பின் அவருடைய உடைமை எச்சட்டப்படி இறங்கும் என்பதை நோக்குவோம். பல்கலைக்கழகத் தமிழ் மாணவருட் பலரும் தமிழர் எனின் தேசவழமை எனக் கருதுகின்றனர். அது பிழை. தேசவழமை வட மாகாணத்தைத் தம் வாழ்விடமாகக் கொண்ட தமிழருக்குரிய சட்டம். மலையகத் தமிழருக்கு அது பொருந்தாது. கண்டியச் சட்டமும் கண்டியச் சிங்களவருக்கே உரியது. மலையகத் தமிழரை ஆள்வது நாட்டின் பொதுச்சட்டம். அதன் பின்னுரித்து விதிகள் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் அடங்கியுள்ளன.

அவ்விதிகள் எளியன. மரணசாதனம் எழுதாது ஒருவர் இறப்பின் அவர் சொத்திற் பாதி, உயிரோடிருக்கும் கணவனை அல்லது மனைவியைச் சேரும். மற்றைப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். ஆண் என்றும் பெண் என்றும், மூத்தவர் என்றும் இளையவர் என்றும், மணமானவர் என்றும் ஆகாதவர் என்றும் பேதமில்லை. தந்தை இறந்து, தாயும் இரு பெண்மக்களும் ஒரு மகனும் எஞ்சின் தாய்க்கு இரண்டில் ஒன்று. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆறில் ஒன்று. பெண் தன் பெயரிற் சொத்து வைத்திருக்கவும் அதனைத் தன் விருப்பப்படி கையளிக்கவும் 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டம் வழி செய்தது.

இதனை ஏனைய இரண்டோடும் ஒப்பிட்டு நோக்குக. சீதனம் பெற்றுச் சென்ற மகளுக்குப் பெற்றோரின் எஞ்சிய சொத்திற் பங்கில்லை என்பது தேசவழமையின் பழைய விதி. மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம் விதித்தது. கண்டியச் சட்டத்தில் தீக விவாகம் செய்து பிறந்தகம் நீங்கிய மகளின் உரிமை சுருங்கியது. இவற்றோடு நோக்குமிடத்து, ஏட்டளவில் இந்நாட்டின் மிக நீதியான பின்னுரித்துச் சட்டங்களுள் ஒன்று கொஸ்லந்தவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கே வாய்த்திருக்கின்றது. ஆனால் அச்சட்டம் பங்கிட்டுக் கொடுப்பதற்கு அவளுடைய குடும்பத்திடம் ஓரடி நிலமும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேடல் அரிது.

நிலம் ஏன் இல்லை? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டனர். அதனால் ஒரே தாயின் பிள்ளைகள் கடலின் இருகரைகளிலும் சிதறினர். நாடற்ற நிலை 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்ந்தது. அந்த நீண்ட இடைக்காலத்திலேயே நிலம் கைமாறியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசின் உடைமையாக்கின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. வெள்ளைத்துரையிடமிருந்து அரசுக்கும், அரசிடமிருந்து கம்பனிக்கும் சென்ற நிலம், அதனைக் காடழித்துப் பயிரிட்டவனின் பேரனிடம் ஒருமுறையேனும் வரவில்லை.

லயக் காம்பரா பெயர் பதிந்த தொழிலாளிக்குத் தோட்டம் கொடுக்கும் இருப்பிடம். தந்தை ஓய்வுபெறும்போது மகனோ மருமகளோ செக்ரோலிற் பெயர் பதிந்தாலே குடும்பம் அங்குத் தொடர்ந்திருத்தல் வழக்கமாயிற்று. தலைமுறைதோறும் இறங்கிவந்தது வீடன்று, வேலையே. மூத்த மகள் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ உழைத்தனுப்பிய பணத்தில் லயத்தின் முன்புறம் ஒரு சமையலறை எழும்பும், கூரைத்தகடு மாறும், தரைக்குச் சீமெந்து பூசப்படும். அத்தனையும் பிறர் நிலத்தின் மேற் கட்டியவை. அவற்றை அவள் தன் பெயரிற் பதியவும் முடியாது; தன் பிள்ளைக்கு எழுதவும் முடியாது. ஒரு காம்பராவை இன்னொரு குடும்பத்துக்கு வெறுந்தாளில் எழுதிப் பணம் வாங்கும் வழக்கமும் உண்டு. நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இன்றிச் செய்யப்படும் நிலக் கைமாற்றம் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. கொடுப்பவனுக்கே உரிமையில்லாத இடத்தில் அவன் எழுதிய தாளுக்கு என்ன பெறுமதி?

உள்ளதையும் இழத்தல்

எனினும் தொழிலாளியின் கை முற்றிலும் வெறுங்கை அன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய கூலியிலிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் செல்ல வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்கூலி பெறுவோருக்கு நிறைவுற்ற ஒவ்வோராண்டுச் சேவைக்கும் 14 நாட்கூலி. முப்பதாண்டு கொழுந்து பறித்த பெண்ணுக்கு 420 நாட்களின் கூலி சேர்ந்திருக்கும். அதுவும் இறுதியாகப் பெற்ற கூலி வீதத்தில். அவள் இறப்பின் அத்தொகை அவளுடைய உரித்தாளரைச் சேரவேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் கூலியை ஒரு குடும்பம் சொத்தில்லை என்ற சொல்லை நம்பிக் கைவிடுமாயின், அந்தச் சொல்லைப் பரப்பியவர் யாருக்கு ஊழியம் செய்தனர்?

இத்தொகைகள் உரியவரைச் சேராது போவதற்கான காரணங்கள் நுட்பமானவை அல்ல. சேமலாப நிதியில் உறுப்பினர் தம் இறப்பின் பின் பெறுவோரின் பெயரைக் குறித்து வைக்கலாம். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது தாயின் பெயரைக் குறித்தவர், மணமாகி மூன்று பிள்ளைகள் பெற்ற பின்பும் அதனை மாற்றுவதில்லை. பெயரே குறியாதோர் பலர். அடுத்தது எழுத்து. தோட்டத்துப் பிறப்புகள் நெடுங்காலம் தோட்ட அதிகாரிமார் வழியாகவே அறிவிக்கப்பட்டுப் பிறமொழி எழுத்தில் எழுதப்பட்டன. அதனால் ராமாயி ஒரு தாளில் ராமியாகவும் இன்னொன்றில் ரம்மாயாகவும் நிற்பாள். மூன்று தாளில் மூன்று பெண்களாக இருப்பவள் ஒருத்தியே என நிறுவும் பொறுப்பு, எழுதப் படிக்கத் தெரியாத அவளுடைய மகளின் தலையில் விழுகின்றது.

எல்லாவற்றினும் பெரிய தடை விவாகப் பதிவின்மை. தோட்டத்துக் கோயிலில் ஊரறியத் தாலி கட்டி முப்பதாண்டு வாழ்ந்த இருவருக்குப் பதிவுத் தாள் ஏன் என வினவுவோர் உளர். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழும் வழக்காற்று விவாகம் பதிவில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாதது ஆகிவிடாது. நீண்டகாலம் கணவன் மனைவியாக ஊரார் மதிக்க வாழ்ந்தமையிலிருந்து விவாகத்தை ஊகிக்கும் மரபும் நீதிமன்றங்களுக்கு உண்டு. அது உண்மை. ஆயினும் அந்த ஊகம் நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறவேண்டியது; அலுவலகத்து யன்னலில் எழுதுவினைஞர் கேட்பது சான்றிதழையே. பதிவேட்டின் ஒரு வரி இலவசமாக நிறுவும் உண்மையை, அவ்வரி இல்லாதவள் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் பலமுறை பஸ் ஏறிச் சாட்சிகளைத் திரட்டி நிறுவ வேண்டியிருக்கின்றது. அவளது அன்றாடக் கூலி அத்தனை நாளும் வெட்டுப்படும்.

பிள்ளைகளின் நிலை இன்னும் கொடிது. விவாகம் நிறுவப்படாவிடின் பிள்ளைகள் தாயின் சொத்துக்கு உரித்தாளர் ஆவரேயன்றித் தந்தையின் சொத்துக்கு ஆகார் என்பது 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. அவ்விதியின் கொடுமையைக் கண்டித்தல் வேண்டும். அது திருத்தப்படவும் வேண்டும். பெற்றோர் செய்யாத பதிவுக்குப் பிள்ளை தண்டம் செலுத்துவது எந்த நீதி? ஆனால் அது திருத்தப்படும் நாள்வரை, பதிவு தேவையில்லை என மேடையில் வழக்காற்றின் பெருமை பேசுவோர், பிறர் பிள்ளைகளின் பங்கைப் பணயம் வைத்தே பேசுகின்றனர்.

மரணசாதனம் பற்றிய அச்சமும் இவ்வாறே அறியாமையின் விளைவு. அது செல்வந்தரின் ஆவணம், நியாயவாதிக்குக் கொட்டிக் கொடுத்தே எழுதவேண்டியது என்பது பொது நம்பிக்கை. சட்டம் அவ்வாறு கூறவில்லை. நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதலாம். நொத்தாரிசு இன்றியும் ஐந்து சாட்சிகள் ஒருங்கே கூடியிருக்க எழுதி ஒப்பமிடலாம். தாளும் பேனையும் ஐந்து அயலவரும் எந்தத் தோட்டத்தில் இல்லை? வாய்ச்சொல்லால் விட்டுச்செல்லும் உரிமைக்கு மட்டும் பயனில்லை. நோயுற்ற காலத்திற் பார்த்த மகளுக்குத் தன் சேமிப்பையும் நகையையும் கறவை மாட்டையும் கொடுக்க விரும்பும் தாய், அதனை இறக்குந் தறுவாயிற் சொல்லிச் செல்வதால் விளைவது அண்ணன் தங்கையரிடையே தீராப் பகை ஒன்றே.

மறுப்போரின் வாதங்கள்

இவற்றைச் சொல்லும்போது மூன்று மறுப்புகள் எழுகின்றன. முதலாவது, தொழிற்சங்கம் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் என்பது. சங்கங்கள் கூலிக்காகப் போராடியுள்ளன. அதனை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆயினும் கூலி உயர்வுக்காகக் கூட்டப்படும் கூட்டங்கள் எத்தனை, உறுப்பினரின் விவாகப் பதிவையும் பெயர் குறித்த படிவத்தையும் சரிபார்க்கக் கூட்டப்படுபவை எத்தனை என்பதைச் சங்கங்களே சொல்லட்டும். மாதந்தோறும் சந்தா தரும் உறுப்பினர் இறந்தபின் அவருடைய விதவை தனியே அலுவலகப் படியேறுவாளாயின், அச்சங்கத்தின் கடமை இறந்தவரோடு முடிந்ததென்றே கொள்ளவேண்டும்.

இரண்டாவது மறுப்பு முற்போக்காளருடையது. தனியுடைமை முதலாளித்துவத்தின் கருவி. தொழிலாளிக்கு உறுதி கொடுத்தால் அவன் சிறு உடைமையாளனாகி வர்க்க உணர்வை இழப்பான் என்பர். இவ்வாதத்தை முன்வைப்போருள் உறுதி இல்லாத வீட்டில் வாழ்பவர் எத்தனை பேர்? தம் தந்தையின் முதுசக் காணியில் நின்றுகொண்டு, மண்சரியும் மலையடியில் இருப்பவனுக்கு உடைமையின் தீமையைப் போதித்தல் எளிது. வேலைநிறுத்தத்தில் இறங்குபவன் தன் கூரையையும் சேர்த்தே பணயம் வைக்கும் நிலை அவனுடைய போராட்டத்தை வலுப்படுத்துமா, தளர்த்துமா என்பதை அவர்கள் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது, அரசு இப்போது வீடும் காணியும் கொடுக்கின்றதே என்பது. 2015ஆம் ஆண்டின் பின் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் வந்தது. மீரியபெத்தவில் உயிர் தப்பியோருக்கும் இரண்டாண்டு முகாம் வாழ்வின் பின் 2016இல் மாற்றிடத்தில் வீடுகள் கையளிக்கப்பட்டன. இவை வரவேற்கத் தக்கவை. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் எனின், இரு நூற்றாண்டு உழைப்புக்கு 7 பேர்ச்சஸ் போதுமா என்பது தனி வினா. பின்னுரித்தை ஆராய்பவர் கேட்க வேண்டியவை வேறு: திறப்போடு உறுதியும் கொடுக்கப்பட்டதா? அது காணிப் பதிவகத்திற் பதியப்பட்டதா? விற்கவும் ஈடு வைக்கவும் பிள்ளைக்கு எழுதவும் அது இடந்தருகின்றதா? அது யார் பெயரில் உள்ளது?

இறுதி வினாவே மிக முக்கியமானது. உறுதி கணவன் பெயரில் மட்டும் இருந்து அவன் இறப்பின், விவாகத்தை நிறுவக்கூடிய மனைவிக்குக் கிடைப்பது இரண்டில் ஒன்று. நிறுவ முடியாதவளுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இருவர் பெயரிலும் சமமாக எழுதப்பட்டிருப்பின், பாதி முன்னரே அவளுடையது. அவன் பாதியிற் பாதியும் சேர நான்கில் மூன்று அவளுடையதாகும். விவாகம் நிறுவப்படாது போயினும் தன் பெயரிலுள்ள பாதியை அவளிடமிருந்து எவரும் பறிக்க முடியாது. உறுதியில் ஒரு பெயரை மேலதிகமாக எழுதுவதற்கு அரசுக்கு ஒரு சதமும் செலவில்லை. ஒரு பெண்ணைத் தெருவில் விடுவதும் விடாமற் காப்பதும் அந்த ஒரு பெயரே.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவானவை. தோட்டத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அபாயமற்ற இடத்திற் காணியும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட்ட முழுமையான உறுதியும் வழங்கப்பட வேண்டும். அவ்வுறுதி வேலையோடு பிணைக்கப்படலாகாது. பதிவாளர்கள் தோட்டந்தோறும் சென்று விவாகங்களைப் பதியவும், பெயர்ப் பிழைகளைத் திருத்தவும் வேண்டும். கொஸ்லந்த அடங்கிய ஹல்துமுல்லைப் பிரதேச செயலர் பிரிவு 1999ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலால் இருமொழிப் பிரிவாக்கப்பட்டது. அங்குத் தமிழிற் படிவம் பெறுவது சலுகையன்று, உரிமை. வறியோருக்காக 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு நகரத்து அலுவலகத்தில் காத்திராது பிரட்டுக்களத்துக்கு வரவேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் இதிற் கடமை உண்டு. மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டவும் அவற்றின் சோகச்சுவையை ஆராயவும் மாணவர் ஆண்டுதோறும் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். அந்தப் பாடல்களைப் பாடிய கிழவியின் விவாகம் பதியப்பட்டதா, அவளுடைய சேமலாப நிதியில் யார் பெயர் இருக்கின்றது என்று ஒருவரேனும் கேட்டதுண்டா? ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கட்டுப் படிவத்தையும் எடுத்துச்செல்வது ஆய்வின் தரத்தைக் குறைக்காது. சட்டபீட மாணவரும் கலைப்பீட மாணவரும் ஒரு விடுமுறையை இதற்கு ஒதுக்கினால் ஒரு தோட்டப் பிரிவின் தாள்கள் முழுவதையும் ஒழுங்குசெய்து முடிக்கலாம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் சரிந்தன. மீரியபெத்தவின் பின் பதினோராண்டுகள் கழிந்திருந்தன. அடுத்த மழை வரும்போதும் லயத்தில் இருப்பவர் லயத்திலேயே இருப்பாராயின், அவர்களை அங்கு வைத்திருப்பது எவருடைய கையொப்பம் இல்லாத எந்த உறுதி என்பதை நாடு அறிந்தே இருக்கும். சொத்தில்லாதவனுக்குச் சட்டம் எதற்கு என்று அப்போதும் கேட்போருக்கு விடைகூற வேண்டியவர்கள், இன்று இதனைப் படித்துவிட்டு மூடிவைப்போரும் ஆவர்.